முதுகு மிதித்த காலம்

மாலை ஐந்தரை மணிக்கு லயத்து வீட்டின் அஞ்சடித் தாழ்வாரத்தில் அம்மா பாயை விரித்துக் குப்புறப் படுப்பார். நான் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நிற்பேன். அது 1974. எனக்கு ஆறு வயது. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில் எங்கள் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். "இன்னும் கொஞ்சம் கீழ தாயி, இடுப்புக்கிட்ட" என்பார். முதுகெலும்புக்கு இரு பக்கமும் முறுக்கிய கயிறுபோல் இரண்டு தசைகள் ஓடுவது என் உள்ளங்காலுக்குத் தெரியும். குதிகாலை வைத்து மெல்ல அழுத்தினால் சற்று நேரத்தில் முறுக்கு தளரும். அப்போது அம்மா விடும் மூச்சு மிக நீளமாக இருக்கும். பக்கத்து வீட்டு அஞ்சடியிலும் ஒரு பிள்ளை ஒரு முதுகின்மேல் நின்றிருக்கும். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். கோடாலித் தைல வாசனை லயம் முழுக்கப் பரவியிருக்கும்.

இன்று எனக்கு 57 வயது. ஈப்போவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பால் மரத்தில் கத்தி வைத்ததில்லை, காண்டா கம்பைத் தோளில் சுமந்ததில்லை. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் முதுகு வலியால் முடங்கிக் கிடந்தேன். அம்மாவின் வலிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. என் வலிக்குக் காரணம் தேடித்தான் அந்த ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி போயிற்று.

அம்மாவின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை நாலரைக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதன் பிறகு இருட்டோடு இருட்டாகத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பார் என்ற மரக்காட்டுக்குள் போக வேண்டும். விடியலில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அம்மாவின் நிரையில் 450 மரங்கள். ஒவ்வொன்றிலும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. புது மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கும். ஆண்டுக்காண்டு கீழே இறங்கி முழங்காலுக்கும் கீழே போய்விடும். கீழே போன வெட்டைச் சீவும்போது இடுப்பை மடித்துக்கொண்டே மரத்தைப் பாதி சுற்ற வேண்டும். வெட்டுவதற்கு ஒருமுறை, பத்து மணிக்கு மேல் மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்ற இன்னொருமுறை. 450 மரத்துக்கு ஒரு நாளைக்கு 900 முறை குனிந்து நிமிர்ந்திருக்கிறார். பிறகு இரண்டு வாளிப் பாலையும் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி ஸ்டோருக்கு நடை. 1962இல் பதினைந்து வயதில் தொடங்கி 35 ஆண்டுகள்.

இந்த முதுகு வலித்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வலியை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் தோட்டத்து மருந்துக்கடை டிரசர் கையால் ஒரு சீட்டு வேண்டும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். கத்தி கிழித்த விரலுக்கு ரத்தம் சாட்சி. இடுப்பு வலிக்கு யார் சாட்சி? அம்மா இரண்டு முறை மருந்துக்கடைக்குப் போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு முறையும் ஒரு சிறு குப்பி வெள்ளைத் தைலமும் நான்கு மாத்திரையும் கிடைத்தன, சீட்டு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அவர் போகவில்லை. ஆண்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. மாலையில் அங்கே போனவர்களில் பாதிப் பேர் வலியை மறக்கத்தான் போனார்கள் என்று இன்று நினைக்கிறேன். பெண்களுக்கு அஞ்சடியும் பிள்ளைகளின் பாதங்களும் மட்டும்.

அந்தக் காலத்தில் நகரத்து மருத்துவர்கள் முதுகு வலிக்காரர்களைப் பலகைக் கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் செய்த ஆய்வு அந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். ஏழு நாள்காரர்களுக்கு வேலைக்குப் போகாத நாள்கள் கூடின, அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் இரண்டு நாள்கூடப் படுக்கக் கிடைத்ததில்லை. அதனால் அவர்கள் முதுகு பிழைத்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓய்வு தேவையில்லை என்று மருத்துவம் அறிந்து சொல்வது வேறு, ஓய்வே கிடையாது என்று துரை சொல்வது வேறு.

மனத்தையும் உடலையும் சேர்த்துப் பார்க்கும் வழி தோட்டத்துக்கு வராமல் போனதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. வந்திருக்க வேண்டிய நியாயம் இருந்தது. நெல்லைச் சீமைப் பத்தமடையிலிருந்து குப்புசாமி என்ற இளம் மருத்துவர் 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் வேலை, பிறகு ஜொகூரில். தோட்டத் தமிழர்களின் உடம்பைப் பத்தாண்டு தொட்டுப் பார்த்தவர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் அவர் தொடங்கிய தெய்வநெறிக் கழகத்தின் கிளை பிற்காலத்தில் பத்துமலையில் வேரூன்றியது. ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் அவர் நூல்கள் வழியாக மலாயாவுக்குத் திரும்பி வந்தன. ஆனால் வந்தது ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வாழ்ந்த பட்டணத்துக்கு. 900 முறை குனிந்தவரிடம் வந்து, மாலையில் பத்து நிமிடம் இப்படிப் படுத்து மூச்சை விடு என்று சொன்னவர் எங்கள் தோட்டத்தில் ஒருவருமில்லை.

தோட்டங்கள் போன கதை எல்லாருக்கும் தெரியும். பிரேசிலின் கித்தா மரம் பேராக்கில் கோலகங்சாரில் 1877இல் ஊன்றப்பட்டது. அப்போது நட்டவற்றில் ஒரு மரம் அங்கே இன்றும் நிற்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1980களின் இறுதி வரை, உலகிலேயே அதிக ரப்பர் எடுத்த நாடு மலேசியா. அதன் பிறகு மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். சாலையோரத் தோட்டங்கள் தாமான் என்ற குடியிருப்புகள் ஆயின. எங்கள் லயத்தை 1998இல் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா ஈப்போவுக்கு வந்தார், அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீட்டுக்கு. செம்பனைக் காட்டில் இன்று இருபது கிலோவுக்கு மேலான குலைகளை நீண்ட கம்பு அரிவாளால் அறுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அவர்களுடைய வேலை அனுமதியில் குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. மாலையில் அவர்கள் முதுகை மிதிக்க ஒரு பிள்ளை கிடையாது.

எனக்கு வலி வந்தது 2014 டிசம்பரில். அதே ஆண்டு ஏப்ரலில் அப்பா இறந்தார். ஜூனில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பதில் தொடங்கிய பேச்சு அது. அலுவலகத்தில் இருவர் வேலை விட்டுப் போக அவர்கள் கணக்கும் என் மேசைக்கு வந்தது. இவற்றை இன்று ஒரே பத்தியில் எழுத முடிகிறது. அன்று இவற்றுக்கும் முதுகுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. கீழே விழுந்த ஒரு கோப்பை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தனியார் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் தட்டு பிதுங்கியிருப்பதாகப் படத்தைக் காட்டினார்கள். "இனிமே குனியவே குனியாதீங்க" என்றார் மருத்துவர். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இடுப்புப் பட்டை வாங்கினேன். தரையில் உட்காருவதை விட்டேன். கோலம் போடுவதை விட்டேன். அரிசி மூட்டையைத் தொடுவதில்லை. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை காவடிகளோடு நடந்து போகிறவள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஒரு நாளைக்கு 900 முறை குனிந்தார். நான் ஒருமுறைகூடக் குனியவில்லை. வலி எனக்குத்தான் கூடியது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் கையில் கிடைத்த நாளில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. இனி வலியை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கிடைக்காத சீட்டு எனக்குக் கிடைத்துவிட்டது. அது கறுப்பு வெள்ளைப் படமாக வந்தது. உறவினர் வந்தால் எடுத்துக் காட்டுவேன். ஐந்து ஆண்டுகளில் அந்த உறையின் விளிம்பு கிழிந்து பசைநாடா ஒட்டியிருந்தேன்.

வலியே இல்லாதவர்களின் முதுகுப் படத்திலும் இதே பிதுக்கம் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1994லேயே அமெரிக்காவில் முதுகு வலி இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓரிடத்தில் தட்டு பிதுங்கியிருந்தது. 2015இல், நான் படம் எடுத்த அதே ஆண்டில், இத்தகைய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியில்லாத இருபது வயதுக்காரர்களில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்கும் பிதுக்கம் உண்டு என்று அது கணக்குச் சொன்னது. நரைமுடி போல வயதோடு வருவதை நான் முறிவு என்று நினைத்து ஐந்து ஆண்டுகள் பயந்திருந்தேன்.

திருப்பம் 2019 இறுதியில் வந்தது. அரசு மருத்துவமனையில் இயன்மருத்துவப் பிரிவில் ஒரு பெண், என்னைவிட இருபது வயது இளையவர், படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "அக்கா, வலி எப்ப வருதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. வலி எப்ப இல்ல?" என்றார். பதில் சொல்ல நேரம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லை. தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த அன்று நான்கு மணி நேரம் நின்றும் இல்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்த வாரம் முழுக்க இருந்தது. முறிந்த எலும்பு ஞாயிறு பார்த்து வலியை நிறுத்தாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அந்த வருசம் வீட்ல என்னக்கா நடந்துச்சு?"

நான் முதலில் கோபப்பட்டேன். இங்கே ஒரு விஷயம் பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகப் புரியும். ஈப்போவிலிருந்து சில கல் தொலைவில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. பிறகு மலாயில் மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்று அதற்குப் பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியும் பேச்சு மாறவில்லை. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது எங்கள் பள்ளிக்கூடத்து வசவு, கல்யாணப் பேச்சை முறிக்கும் சொல். வலிக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மருத்துவர் சொன்னால் எங்கள் காதில் விழுவது, உன் வலி பொய், உனக்குப் பைத்தியம் என்பது மட்டும். டிரசர் சீட்டுத் தராமல் அம்மாவைத் திருப்பி அனுப்பியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்றுதான் அன்று வீட்டுக்கு வந்தேன்.

வேறுபாடு இருந்தது. அடுத்த வாரம் அவர் அதை விளக்கியதை என் மொழியில் இப்படித்தான் புரிந்துகொண்டேன். தோட்டத்துத் தண்டவாள மணி பெரட்டுக்கும் அடிக்கும், லயத்தில் தீப்பிடித்தாலும் அடிக்கும். தீ அணைந்த பிறகும் மணியடிப்பவர் பயத்தில் அடித்துக்கொண்டே இருந்தால்? மணி பொய்யில்லை, காது கிழிகிறது. ஆனால் எரிவது எதுவும் இல்லை. முதுகில் பட்ட அடி மூன்று மாதத்தில் ஆறியிருக்கும். மூளையும் நரம்பும் அபாயமணியை நிறுத்த மறந்துவிட்டன. பயமும் துக்கமும் தூக்கமின்மையும் மணியடிப்பவரின் கையைப் பலப்படுத்துகின்றன. வலி முழுக்க உண்மை. சேதம்தான் இல்லை.

உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்குத் தான் எழுதிய வரையறையை 2020இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. அதைப் படித்த இரவு எனக்கு மருந்துக்கடை வாசலில் நின்ற அம்மாவின் நினைவு வந்தது. 46 ஆண்டு தாமதமாக வந்த சீட்டு.

இந்த நாட்டிலேயே இப்படிப்பட்ட வலிக்கு ஒரு வழி முன்பே போடப்பட்டிருந்தது. செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசாவும் அவருடைய குழுவினரும் 'மெனாங்' என்ற பெயரில் இரண்டு வார வலி மேலாண்மைப் பயிற்சியை நடத்தி வந்தார்கள். மலாயில் அதற்கு வெற்றி என்று பொருள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நிக்கலஸ் வகுத்த முறையை ஒட்டியது அது. மாத்திரையைக் குறைப்பது, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கூட்டுவது, வலி வரும்போது எழும் எண்ணங்களைக் கவனிப்பது, உடலைத் தளர்த்துவது. வலி போய்விடும் என்று அங்கே வாக்குக் கொடுப்பதில்லை. வலி இருந்தாலும் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

வாக்குக் கொடுத்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் ஜான் சார்னோ என்ற மருத்துவர் 1984இலும் 1991இலும் எழுதிய நூல்களில், பெரும்பாலான முதுகு வலிக்கு வேர் அடக்கி வைத்த கோபம் என்றார். படித்தே குணமானதாகச் சொன்னவர்கள் பலர். எனக்கும் அவர் பக்கங்களில் என் தம்பியின் முகம் தெரிந்தது. ஆனால் அந்தக் கொள்கையை அப்படியே எங்கள் லயத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வராது. 900 முறை குனிந்தவரிடம் உன் கோபம்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். பாலின் எடையைப் பொறுத்துக் கூலி, மழை பெய்தால் வேலையுமில்லை கூலியுமில்லை. அந்த முதுகுக்கு முதல் மருந்து கூலி உயர்வும் ஓய்வு நாளும். இருந்தும் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,020 தொழிலாளர்களை நான்காண்டு பின்தொடர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வேலையில் அரிதாகவே சந்தோஷம் கண்டவர்கள், அநேகமாக எப்போதும் சந்தோஷமாக வேலை செய்தவர்களைவிட இரண்டரை மடங்கு முதுகு வலி என்று வந்து நின்றார்கள். பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் வசவு வாங்கிய காலையில் அம்மாவின் இடுப்பு கூடுதலாக வலித்திருக்குமா? கேட்டால், "ஆமா, அன்னிக்கு வாளி ரெண்டு மடங்கு கனக்கும்" என்கிறார்.

எண்கள் இன்று தெளிவாகவே இருக்கின்றன. சியாட்டில் வட்டாரத்தில் 342 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், எட்டு வாரத் தியானப் பயிற்சி பெற்றவர்களில் 61 விழுக்காட்டினரும், எண்ணங்களைச் சீர்செய்யும் பயிற்சி பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 44 விழுக்காட்டினரும் அன்றாட வேலைகளில் தேறினார்கள். கொலராடோவில் 151 பேரிடம் நடந்த இன்னொன்று 2021இல் வெளியானது. வலி என்றால் அபாயம் என்று பழகிய மூளைக்கு, அபாயமில்லை என்று நான்கு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். 66 விழுக்காட்டினருக்கு வலி அறவே இல்லை, அல்லது இல்லாததற்குச் சமம். மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் அது 20 விழுக்காடுதான். அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் படித்த வெள்ளையர்கள், மிதமான வலிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் உடற்பயிற்சியையும் மனவழிச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டையை வேண்டாம் என்றது. நான் அதற்கு முன்பே பட்டையைக் கழற்றிவிட்டேன்.

நான் செய்தவை எளிமையானவை. ஒரு பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் வலி இல்லாத நேரங்களை மட்டும் எழுதினேன். முதல் வாரம் மூன்று வரி, ஆறாம் வாரம் இரண்டு பக்கம். இரவில் இருபது நிமிடம் தம்பிக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். வலி எழும்பும்போது ஓடி ஒளியாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அதையே பார்த்தேன்: எங்கே இருக்கிறது, சூடா, இறுக்கமா, நகர்கிறதா? பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகரும். இது ஆபத்தில்லை என்று வாய்விட்டே சொல்வேன், மூச்சை நீளமாக விடுவேன். அந்த நீளமான மூச்சு எனக்குப் பழக்கமானது. என் பாதங்களுக்குக் கீழே நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

பிறகு நடை. போலோ மைதானம் என்று நாங்கள் சொல்லும் சுல்தான் அப்துல் அசிஸ் பூங்காவில் முதல் நாள் ஐந்து நிமிடம்தான். மூன்றாம் நாள் ஆறு. நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் முப்பது நிமிடம் நடந்து இரண்டு நாள் படுத்ததும் உண்டு. அளவு மீறாமல் கூட்டுவதுதான் இதில் கடினமான பாடம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் வீட்டுக் கூடத்திலேயே நடந்தேன். கடைசியாகத்தான் குனிதல். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தொடுவது, பிறகு கணுக்கால், பிறகு தரை. தரையில் கிடந்த ஒரு பருத்தித் துணியை எடுக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தாலோ, விழுந்த பிறகு வலி வந்தாலோ இந்தப் பயிற்சிகளை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். என் விஷயத்தில் அவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெண்ணும் படத்தை ஓரமாக வைத்தார்.

இன்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் வலி வருகிறது. வந்தால் குறிப்பேட்டை எடுக்கிறேன். அந்த வாரம் என்ன நடந்தது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஏதாவது இருக்கும். தம்பியோடு இப்போது பேச்சு உண்டு.

எனக்குக் கிடைத்தது அம்மாவுக்குக் கிடைக்காதது: ஒருவர் எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டது, அரசு மருத்துவமனையின் ஒரு வெள்ளிக் கட்டணச் சீட்டில் தொடங்கி வரிசையாகத் திறந்த கதவுகள், என் வலிக்கு ஒரு விளக்கம். ஆனால் நான் செய்த ஒவ்வொன்றையும் தனியாகச் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் ஒலிக்கும் குரலைக் கேட்டு, யாருக்கும் தெரியாமல். லயத்தில் வலி பொதுவில் கிடந்தது. ஐந்தரை மணிக்கு வரிசையாகப் படுத்திருந்த பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே மிதிபட்டார்கள்; அன்றைய வசவு, வராத கடிதம், வந்த மழை எல்லாம் அங்கே இறக்கி வைக்கப்பட்டன. தொடுகையும் அழுத்தமும் வலி மேலே ஏறும் வாசலைப் பாதி சாத்தும் என்று வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதியது 1965இல். அதை எழுதும்போது அவர்கள் ஒரு தோட்டத்து அஞ்சடியை நினைத்திருக்க வாய்ப்பில்லை. பாதம் கதவைச் சாத்திற்று, பேச்சு பயத்தைக் குறைத்தது. இரண்டுக்கும் பெயர் இருக்கவில்லை.

அம்மாவிடமிருந்துதான் எனக்கு இது முழுதாகப் புரிந்தது. மூன்றாம் மாடிக்கு வந்த முதல் ஆண்டில் அவர் சொன்னது: "மரம் வெட்டுறப்ப வலிச்சுச்சு. வெட்டாம இருக்கறப்ப அதவிட வலிக்குது." வேலை நின்ற முதுகுக்கு என்ன வலி என்று நான் எரிச்சல்பட்டேன். 35 ஆண்டு தேய்ந்த உடம்புக்கு வலி இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கூடுதல் வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். மாலை ஐந்தரைக்கு அந்த மாடியில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கும்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். லயம் நின்ற இடத்தில் செம்பனை. கோயிலும் அதன் பின்னால் யாரும் வெட்டாத ஏழெட்டுக் கித்தா மரங்களும் மிச்சம். அம்மாவுக்கு 77 வயது. ஒரு மரத்தின் பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் சரிவாகக் கீழிறங்கிப் பால் வழிந்த தகரம் இருந்த இடத்தில் நின்றது. பாட்டி எப்படி வெட்டுவாங்க என்று பேத்தி கேட்டாள். நான் காட்டுகிறேன் என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அடிமரத்தருகே குனிந்தேன்.

அம்மா சிரித்தார். "அப்படியில்ல தாயி. ஒரு கால முன்னால வை. முட்டிய மடக்கு. இடுப்ப ஒடிக்காத, மரத்தோட சேந்து திரும்பு" என்று என் இடுப்பின் இரு பக்கமும் கைவைத்துத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம் கீழ போ. ஒன்னும் ஆவாது."